டிவியிலிருந்து சினிமாவுக்கு: ஜெர்ரி கோல்ட்ஸ்மித் போன வழி

கேள்வி இது: டிவி தொடர்களுக்குப் பின்னணி இசை போட்டுத் தொடங்குகிற ஒருவர் சினிமாவில் பெரிய இடத்துக்கு வர முடியுமா? ஹாலிவுட்டில் அப்படி வந்தவர்கள் உண்டா? அங்கே அந்தத் தொழில் எப்படித்தான் நடக்கிறது?

வர முடியும். பலர் வந்திருக்கிறார்கள். பத்துப் பேரின் பெயரைச் சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் ஒரே ஆளின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொன்னால் தொழிலின் உள்பக்கமும் தெரியும். அதனால் ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தை எடுத்துக்கொள்கிறேன். பெயர் பரிச்சயமில்லை என்றாலும் அவருடைய இசையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 'ஏலியன்', 'தி ஓமன்', ஸ்டாலோனின் முதல் ராம்போ படம், 'பேசிக் இன்ஸ்டிங்க்ட்', டிஸ்னியின் 'முலான்' எல்லாவற்றுக்கும் பின்னணி இசை அவருடையதுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம்மூரில் இசையமைப்பாளர் என்றால் முதலில் பாட்டு, அப்புறம்தான் ரீ-ரெக்கார்டிங், அதாவது பின்னணி இசை. அங்கே பாட்டு வேறு ஆளின் வேலை. கோல்ட்ஸ்மித் போன்றவர்கள் வாழ்நாள் முழுக்கச் செய்தது, நாம் ஆர்.ஆர். என்று சொல்கிற அந்த ஒன்றைத்தான்.

1929 பிப்ரவரி 10 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். அப்பா கட்டுமானப் பொறியாளர். சிறு வயதிலேயே பியானோ. நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்த ஐரோப்பிய இசைக்கலைஞர்கள் அப்போது அந்த ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். அதனால் கோல்ட்ஸ்மித்துக்குக் கிடைத்த ஆசிரியர்கள் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. பியானோவுக்கு யாக்கோப் கிம்பெல், இசையாக்கத்துக்கு மரியோ காஸ்டெல்நுவோ-டெடெஸ்கோ. 1945-ல் ஹிட்ச்காக்கின் 'ஸ்பெல்பவுண்ட்' படத்தைப் பார்த்துவிட்டு, இனி சினிமா இசைதான் என்று முடிவெடுத்தார். அந்தப் படத்துக்கு இசையமைத்த மிக்லோஷ் ரோஷா பல்கலைக்கழகத்தில் நடத்திய வகுப்புக்கும் போய் உட்கார்ந்தார்.

இவ்வளவு படித்தவருக்குக் கிடைத்த முதல் வேலை டைப்பிஸ்ட். 1950-ல் சிபிஎஸ் என்ற ரேடியோ, டிவி நிறுவனத்தின் இசைப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. ஊழியர்களே எழுதி, நடித்து, இசை போட்டுப் பழகிக்கொள்ள அங்கே ஒரு பயிற்சிப் பட்டறை நடந்துவந்தது. அதில் கலந்துகொள்ள வேண்டுமானால் ஊழியராக இருக்க வேண்டும். டைப் அடித்துக்கொண்டே அங்கே இசை எழுதினார். அதைக் கேட்டவர்கள் ரேடியோ நாடகம் ஒன்றைக் கொடுத்தார்கள். ரேடியோவிலிருந்து டிவிக்கு வந்தார்.

அந்தக் காலத்து டிவி நாடகம் பெரும்பாலும் நேரலை. 'க்ளைமாக்ஸ்', 'பிளேஹவுஸ் 90' போன்ற தொடர்களில் நடிகர்கள் கேமரா முன்னால் நடித்துக்கொண்டிருக்கும்போதே இசைக்குழுவும் வாசிக்க வேண்டும். நடிகர் ஒரு கதவைத் திறக்க இரண்டு நொடி கூடுதலாக எடுத்துக்கொண்டால், இங்கே இசையும் இரண்டு நொடி நீள வேண்டும். தப்பானால் நாடு முழுக்கக் கேட்கும். ரீடேக் என்ற பேச்சே இல்லை. அது முடிந்த கையோடு அடுத்த வார நாடகத்துக்கு எழுத உட்கார வேண்டும். ரேடியோவையும் சேர்த்தால் சிபிஎஸ்ஸில் ஏறத்தாழ பத்து வருஷம். அவருடைய பிற்காலச் சாதனைகள் என்று நாம் சொல்வதில் பாதி, இந்தப் பத்து வருஷத்தில் போட்ட முதல் என்பது என் கட்சி. ஏன் என்று பின்னால் தெரியும்.

சிபிஎஸ்ஸின் 'ட்விலைட் ஸோன்' என்ற அமானுஷ்யக் கதைத் தொடருக்கும் சில எபிசோடுகள் செய்தார். அதில் 1961 ஜனவரியில் ஒளிபரப்பான 'தி இன்வேடர்ஸ்' என்ற எபிசோடைக் கற்பனை செய்து பாருங்கள்: தனியான பண்ணை வீட்டில் ஒரு கிழவி. கூரைமேல் ஏதோ சத்தம். ஏறிப் பார்த்தால் ஒரு குட்டிப் பறக்கும் தட்டு, அதிலிருந்து விரலளவு உருவங்கள் இறங்குகின்றன. தொகுப்பாளரின் முன்னுரையை விட்டுவிட்டால், கடைசி நிமிஷம் வரை யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கிழவியாக நடித்த ஆக்னஸ் மூர்ஹெட் முனகுவார், மூச்சு வாங்குவார், அலறுவார், அவ்வளவுதான். மீதியை இசைதான் பேச வேண்டும். டிவி பட்ஜெட்டுக்குப் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா கிடையாது, ஒரு கை விரல்களில் எண்ணிவிடக்கூடிய வகை வாத்தியங்கள்தான். அதை வைத்துக்கொண்டு எலி ஓடுவது போலவும் நகம் பிறாண்டுவது போலவும் ஒலிகளைக் கோத்திருப்பார். இதில் கவனிக்க வேண்டியது, அவர் எங்கே நிறுத்துகிறார் என்பது. கிழவி நின்று காது கொடுத்துக் கேட்கும்போது இசையும் நின்றுவிடும். நாமும் அவளோடு சேர்ந்து கேட்க ஆரம்பித்துவிடுவோம். (முடிவை நான் சொல்லப்போவதில்லை. அறுபது வருஷம் கழித்தும் அது வேலை செய்கிறது.)

இன்னொரு விஷயமும் அங்கே நடந்தது. ஒரு எபிசோடுக்கு எழுதிய இசை சிபிஎஸ்ஸின் நூலகத்துக்குப் போய்விடும். அப்புறம் வேறு எபிசோடுக்கு, வேறு தொடருக்குக்கூட வெட்டி ஒட்டுவார்கள். 'ட்விலைட் ஸோன்' என்றதும் எல்லோரும் வாயால் இசைத்துக் காட்டுகிற அந்தப் பிரபலமான தீமே இப்படிப் பிறந்ததுதான். மாரியஸ் கான்ஸ்டான்ட் என்பவர் நூலகத்துக்காக எழுதிக் கொடுத்த இரண்டு தனித்தனித் துண்டுகளை ஒட்டவைத்தது. நான் கொஞ்ச காலம் சென்னையில் சீரியல்களுக்குக் கீபோர்டு வாசித்தேன். மாமியார் வாசலில் நுழைவதற்காக நாங்கள் வாசித்த ஒரு பிட் ஆறு மாசம் கழித்து வேறொரு வீட்டின் கருமாதிக் காட்சியில் ஒலித்தது. கம்பெனியில் கேட்டால், "நல்லாத்தானே சார் பொருந்துது" என்றார்கள். அன்றைக்குக் கோபம் வந்தது. சிபிஎஸ் கதையைப் படித்த பிறகு, இது உலக வழக்கம்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

1960-ல் சிபிஎஸ்ஸை விட்டு வெளியே வந்தார். 'த்ரில்லர்', 'டாக்டர் கில்டேர்', 'தி மேன் ஃப்ரம் அங்கிள்' என்று டிவி வேலை தொடர்ந்தது. பெரிய சினிமா வாய்ப்புக்குச் சிபாரிசு செய்தவர் ஆல்ஃப்ரெட் நியூமேன், ஹாலிவுட் இசையமைப்பாளர்களில் மூத்த தலை. அவர் வாய் திறந்தால் ஸ்டுடியோ கேட்கும். 1962-ல் 'லோன்லி ஆர் தி பிரேவ்' வந்தது. அதே வருஷம் ஜான் ஹஸ்டனின் 'ஃப்ராய்ட்' படத்துக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரை.

நியூமேன் திறந்துவிட்டது வாசல் கதவுதான். உள்ளே இருந்த கதவுகளைத் திறந்தவர்கள் டிவி காலத்துச் சகாக்கள். ஃப்ராங்க்ளின் ஷாஃப்னரும் ஜான் ஃப்ராங்கன்ஹைமரும் 'பிளேஹவுஸ் 90'-ல் நாடகம் இயக்கியவர்கள். அவர்கள் சினிமாவுக்குப் போனபோது கோல்ட்ஸ்மித்தையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஷாஃப்னரோடு மட்டும் ஏழு படங்கள். டிவி வேலையைச் சின்ன வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்று உங்களோடு சீரியலில் உதவி இயக்குநராக இருப்பவர் நாளைக்கு எங்கே போவார் என்று யாருக்குத் தெரியும்.

ஷாஃப்னர் படங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். 1968-ல் வந்த 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' எதிர்காலத்தில் நடக்கிற, குரங்குகள் ஆளுகிற உலகம். எல்லோரும் சிந்தசைஸர் சத்தத்தை எதிர்பார்க்கிற இடம். இவர் சாதாரண ஆர்க்கெஸ்ட்ராவையே கையில் எடுத்து அதை அந்நியமாக ஒலிக்க வைத்தார். மாவு பிசைகிற எவர்சில்வர் கிண்ணங்களைத் தாளக்காரர்கள் தட்டினார்கள், ஆட்டுக்கடாக் கொம்பை ஊதினார்கள். குரங்கு முகமூடி போட்டுக்கொண்டு அவர் ஆர்க்கெஸ்ட்ரா முன் நிற்கிற புகைப்படம்கூட உண்டு. எவர்சில்வர் கிண்ணம் என்றதும் சிரிப்பு வரலாம். கையில் இருப்பதை வைத்துச் சமாளித்த டிவி புத்திதான் அது.

அடுத்தது 1970-ல் வந்த 'பேட்டன்'. இரண்டாம் உலகப்போரின் அமெரிக்கத் தளபதியைப் பற்றிய படம், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடும். மொத்த இசையோ அரை மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். இன்றைய போர்ப்படம் எதையாவது போட்டு, இசை இல்லாத நிமிஷங்களை எண்ணிப் பாருங்கள், வித்தியாசம் புரியும். ஜார்ஜ் பேட்டனுக்கு மறுபிறவியில் நம்பிக்கை உண்டு, பழைய போர்களிலெல்லாம் தானும் சண்டை போட்டிருப்பதாக நினைப்பவர். இதை இசையில் எப்படிச் சொல்வது? டிரம்பெட்டில் அடுத்தடுத்து மூன்று ஸ்வரங்களாக ஒரு சின்ன அழைப்பு. அதை எக்கோபிளெக்ஸ் என்கிற, டேப் சுற்றி எதிரொலி உண்டாக்கும் கருவிக்குள் விட்டார். ஒலி திரும்பத் திரும்ப வந்து தேய்ந்து மறைகிறது, ஏதோ ஒரு பழைய நூற்றாண்டின் போர்க்களத்திலிருந்து கேட்பது போல. இதோடு ஒரு ராணுவ நடை, தேவாலய ஆர்கன். வீரன், பக்திமான், பழைய ஆத்மா என்று ஒரே ஆளுக்குள் இருக்கிற மூன்று பேரும் இதில் வந்துவிட்டார்கள். இந்த இசைக்கு ஆஸ்கர் கிடைக்கவில்லை. அந்த வருஷம் 'லவ் ஸ்டோரி' கொண்டுபோனது.

இப்போது 'சைனாடவுன்'. 1974. ரோமன் போலன்ஸ்கி இயக்கம், 1937-ம் வருஷத்து லாஸ் ஏஞ்சலஸ் கதை. படத்துக்கு முதலில் வேறொருவர் இசையமைத்து, அது தூக்கிப்போடப்பட்டது. வெளியீட்டுத் தேதி நெருங்கிவிட்டது. தயாரிப்பாளர் ராபர்ட் எவன்ஸ் கோல்ட்ஸ்மித்தைக் கூப்பிட்டார். கையில் இருந்தது பத்து நாள். பத்து நாளில் எழுதி, பதிவு செய்து கொடுக்க வேண்டும்.

அவர் வைத்துக்கொண்ட வாத்தியங்களைக் கேளுங்கள். நான்கு பியானோ, நான்கு ஹார்ப், இரண்டு தாளக்காரர்கள், கம்பி வாத்தியக் குழு, ஒரே ஒரு டிரம்பெட். புல்லாங்குழல் இல்லை, கொம்பு இல்லை. பியானோவின் கம்பிகளைக் கையால் கிள்ளியும் தேய்த்தும் எழுப்பின ஒலி வறண்ட பூமி போல இருக்கும். தண்ணீர்த் திருட்டைப் பற்றிய படம் அது. அதன்மேல் யுவான் ரேசி வாசித்த டிரம்பெட் தனியாக எழும். காதல் பாட்டு மாதிரி தொடங்கும், கேட்டு முடிக்கும்போது யாரோ செத்துப்போன மாதிரி இருக்கும். இருநூறு பேர் ஆர்க்கெஸ்ட்ரா கொடுத்திருந்தாலும் அவர் இதைத்தான் செய்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். நாள் குறைவு, அதனால் முதல் நாளே வாத்தியத்தை முடிவு செய்து மற்ற எல்லாக் கதவுகளையும் சாத்தினார். வாராவாரம் டிவிக்கு எழுதிப் பழகினவருக்குப் பத்து நாள் என்பது தாராளமாகக்கூடத் தெரிந்திருக்கும். அந்த வருஷ ஆஸ்கர் 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்துக்குப் போனது.

அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது ஒரே ஒரு முறை, 1976-ன் 'தி ஓமன்' படத்துக்காக. சர்ச்சில் பாடுகிற லத்தீன் துதியைத் தலைகீழாக்கி, சாத்தானைத் துதிக்கிற கோரஸ் எழுதினார். அதற்குப் பிறகு பேய்ப் படம் என்றாலே லத்தீன் கோரஸ் என்று ஆகிவிட்டது. நம் டப்பிங் பேய்ப் படங்கள் வரை அதன் வால் நீளும். மொத்தம் 18 பரிந்துரை, ஒரு விருது. அநியாயம் என்பார்கள் ரசிகர்கள். என் கணக்கு வேறு. படத்துக்குப் படம் ஆளே மாறிவிடுகிறவரை, "இது இவர் இசை" என்று விருதுக் குழுவால் சட்டென்று அடையாளம் சொல்ல முடியாது. அவருடைய நல்ல வேலைகளில் பாதி, தியேட்டரை விட்டு வெளியே வரும்போது முணுமுணுக்கக் கிடைப்பதும் இல்லை. டிவி உலகம் தாராளமாக இருந்தது, ஐந்து எம்மி விருது கொடுத்தது.

சரி, இந்தத் தொழிலின் மோசமான பகுதிக்கு வருவோம். படத்தொகுப்பு நடக்கும்போது வெறும் படத்தைப் பார்க்க முடியாமல், தற்காலிகமாக ஏதாவது பழைய இசையை ஒட்டிப் பார்ப்பார்கள். அதை 'டெம்ப் ட்ராக்' என்பார்கள். மாசக் கணக்கில் அதையே கேட்டுக் கேட்டு இயக்குநருக்கு அதன்மேல் காதல் வந்துவிடும். அப்புறம் நீங்கள் எதை எழுதிக் கொடுத்தாலும் உறைக்காது. 1979-ல் 'ஏலியன்' படத்தில் நடந்தது இதைவிட விசித்திரம். எடிட்டர் டெர்ரி ராலிங்ஸ் ஒட்டிவைத்த தற்காலிக இசையில் கோல்ட்ஸ்மித்தின் சொந்த 'ஃப்ராய்ட்' இசையும் இருந்தது. ரிட்லி ஸ்காட்டுக்கு அது பிடித்துப்போனது. முடிவில், இந்தப் படத்துக்காக எழுதிய புது இசையைச் சில இடங்களில் எடுத்துவிட்டு 1962-ன் இசையையே வைத்துக்கொண்டார்கள். தன்னுடைய பழைய இசையிடமே ஒருவர் தோற்றுப்போன கதை! படத்தின் கடைசியில் ஒலிப்பதோ ஹோவர்ட் ஹான்சன் என்பவரின் சிம்பொனி. தொடக்க இசைக்கு முதலில் கோல்ட்ஸ்மித் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து மர்மமும் அழகுமாக ஒன்று எழுதினார், வேண்டாம் என்றார்கள். ஐந்து நிமிஷத்தில் இன்னொன்று எழுதிக் கொடுத்தார், எல்லோருக்கும் பிடித்தது. பேட்டிகளில் அவரே இதைச் சொல்லிச் சலித்துக்கொண்டதுண்டு.

அதே 1979-ல் 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளி டிவி தொடரின் முதல் சினிமா. விண்கலம் முதன்முதலாகக் காட்சி தருகிற இடத்துக்கு எழுதிய இசையைக் கேட்டுவிட்டு இயக்குநர் ராபர்ட் வைஸ் திருப்பிவிட்டார். பாய்மரக் கப்பல் போவது போல இருக்கிறது, ஆனால் மனதில் நிற்கிற தீம் ஒன்றும் இல்லையே என்பது அவர் குறை. கோல்ட்ஸ்மித்துக்கு வருத்தம்தான். ஆனால் திரும்ப உட்கார்ந்து எழுதினார். அப்படி வந்ததுதான் உலகம் முழுக்கத் தெரிந்த அந்த ஸ்டார் ட்ரெக் நடை. வைஸ் சொன்னது நியாயம் என்றுதான் நினைக்கிறேன். சில சமயம் இயக்குநர் சொல்வதிலும் விஷயம் இருக்கும்.

அந்தத் தீம் பிறகு டிவிக்கு வந்தது. 1987-ல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடருக்கு, 60-களின் பழைய தொடருக்கு அலெக்ஸாண்டர் கரேஜ் எழுதிய முழக்கத்தோடு இதைச் சேர்த்து முகப்பு இசையாக்கினார்கள். 178 எபிசோடுகள். இங்கேதான் காசு விஷயம் வருகிறது. அமெரிக்காவில் பெரும்பாலும் இசையின் காப்புரிமை ஸ்டுடியோவுக்குப் போய்விடும். இசையமைப்பாளருக்கு மிஞ்சுவது, அது ஒலிபரப்பாகும்போதெல்லாம் வருகிற ராயல்டியில் எழுதியவர் பங்கு. அங்கே தியேட்டர்கள் படத்தின் இசைக்கு ராயல்டி தருவதில்லை. டிவியில் ஓடினால் உண்டு. எந்த இசை எத்தனை நொடி ஒலித்தது என்று 'க்யூ ஷீட்' என்கிற பட்டியல் ஒன்று போடுவார்கள். ஆஸ்கேப், பிஎம்ஐ போன்ற ராயல்டி வசூல் அமைப்புகள் அதைப் பார்த்துத்தான் பணம் பிரித்துக் கொடுக்கும். ஆகவே ஒரு தொடரின் ஒரு நிமிஷ முகப்பு இசை வருஷக்கணக்கில் வீட்டு வாடகை கொடுக்கும். நம் நாட்டிலும் 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, ராயல்டி உரிமையை இசையமைப்பாளர் முழுதாக எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி செய்திருக்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர் கீபோர்டு வாங்குவதற்கு முன்னால் க்யூ ஷீட் என்றால் என்ன என்று கற்றுக்கொள்வது நல்லது.

தூக்கிப்போடப்படுவது இவருக்கும் பலமுறை நடந்திருக்கிறது. ரிட்லி ஸ்காட்டின் 'லெஜண்ட்' படத்துக்கு எழுதிய இசை ஐரோப்பாவில் ஓடியது. அமெரிக்க வெளியீட்டில் அதை எடுத்துவிட்டு, இளைஞர்களுக்குப் பிடிக்கும் என்று டேஞ்சரின் ட்ரீம் என்ற எலக்ட்ரானிக் குழுவின் இசையைப் போட்டார்கள். 1997-ல் நிலைமை நேரெதிர். 'ஏர் ஃபோர்ஸ் ஒன்' படத்தில் ராண்டி நியூமேனின் இசை வெளியே போக, இவர் ஜோயல் மக்நீலியைத் துணைக்கு வைத்துக்கொண்டு இரண்டே வாரத்தில் முடித்துக் கொடுத்தார். அப்போது வயது 68. இந்த ராண்டி நியூமேன், முன்பு இவருக்குச் சிபாரிசு செய்த ஆல்ஃப்ரெட் நியூமேனின் தம்பி மகன்!

அதே 1997-ல் யூனிவர்சல் ஸ்டுடியோவுக்குப் புது முகப்பு இசை எழுதினார், பூமி உருண்டை சுழன்று வரும்போது ஒலிக்கிற அது. 2003-ல் அவருக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. 'தி ஓமன்' இயக்கிய ரிச்சர்ட் டானரின் 'டைம்லைன்' படத்துக்கு எழுதிக் கொடுத்தார். படத்தை மறுபடி மறுபடி வெட்டி மாற்றினார்கள். கடைசியில் இவர் இசை வெளியே போனது. பிரையன் டைலர் என்ற இளைஞர் புதிதாக இசையமைத்தார். கோல்ட்ஸ்மித் 2004 ஜூலை 21 அன்று, 75 வயதில் இறந்தார். 2012-ல் யூனிவர்சல் தன் நூற்றாண்டுக்காக அந்தப் பூமி உருண்டையைப் புதுப்பித்தபோது, இசையை மாற்றவில்லை. கோல்ட்ஸ்மித்தின் மெட்டையே புது ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஏற்ற மாதிரி அமைக்கச் சொன்னார்கள். செய்தவர் பிரையன் டைலர்.